போரின் தேய்வும் புகழ்ச்சோழர் கண்ணும்

திருச்சிற்றம்பலம்

உயிர்கள் யாவும் இன்பத்தை விழைந்து துன்பத்தை வெறுப்பன. அங்ஙனமாகவும், துன்பங்கள் எல்லாவற்றுள்ளும் தலையாய போரினை மக்கள் தாமே தேடித் தமக்கும் பிறர்க்கும் விளைத்துக்கொள்வது யாது பற்றி என்பது அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். அப்போர் காலஞ்செல்லச் செல்லத் தேய்ந்து வருகின்றதா, ஒருநாள் முற்றும் ஒழியுமா என்பது அதனோடு தொடர்ந்த பிறிதொரு வினா. இவ்விரண்டாம் வினாவைப் பற்றி அடியேன் அடியார் கூட்டம் ஒன்றில் அறிந்தவன் போலப் பேசினேன். பேசிய அன்றே நாணவும் நேர்ந்தது. அந்நாணத்தின் பயனாக எய்திய சிறு தெளிவைச் சிவநேயச் செல்வர்களோடு பகிர்ந்துகொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடியேன் வாழ்வது ஊரப்பாக்கம். தாம்பரத்திற்குத் தெற்கே, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, செங்கற்பட்டுச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் இது. பக்கத்துக் கிளாம்பாக்கத்திற் பெரிய பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பெற்ற பின்னர் இரவும் பகலும் ஊர்திகளின் ஒலி ஓய்வதில்லை. அவ்வொலிக்கு நடுவே, அன்பர் சிலர் ஞாயிறுதோறும் ஒருவர் இல்லத்திற் கூடிப் பெரியபுராணம் ஓதிப் பொருள் கேட்டு வருகின்றோம். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பது கருதி, கார்த்திகைத் திங்களில் ஒரு நாள் "போர் ஒழியும் காலம்" என்னும் பொருள்பற்றி என்னைப் பேசுமாறு பணித்தனர். யானும் மகிழ்ந்து இசைந்தேன்.

அன்று பேசியதன் சுருக்கத்தை முதற்கண் கூறுகின்றேன்.

நம் தொண்டைநாடு ஏறத்தாழ ஆயிரத்திருநூறு ஆண்டு படைகள் நடந்த பெருவழியாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி இந்நாட்டின்மேற் படையெடுத்து வந்தான். கி. பி. 634-இல் பொறிக்கப்பெற்ற ஐகொளெக் கல்வெட்டு, அவன் பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் எனப் புகழும். பல்லவர் வழங்கிய காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரிற் பகைவரை அழித்தான் எனக் கூறும். பின்னர் மகேந்திரன் மகனாகிய முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் களங்களிற் புலிகேசியைப் புறங்கண்டான் என்பது கூரம் செப்பேட்டால் அறியப்படும். அவன் படை கி. பி. 642 அளவில் வாதாபி நகரையே அழித்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் இரண்டாம் விக்கிரமாதித்தன் என்னும் சளுக்கியன் காஞ்சியைக் கைப்பற்றிப் பழி தீர்த்தான். கி. பி. 949-இல் தக்கோலத்திற் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே உயிர்நீத்தான். பின்னைக் காலத்தும் நிலை வேறன்று. 1758-ஆம் ஆண்டின் இறுதியிற் பிரெஞ்சுப்படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டது. 1760 சனவரி 22-இல் வந்தவாசிப் போர் நிகழ்ந்தது. 1769-இல் ஐதர் அலி சென்னையின் வாயில் வரை வந்து உடன்படிக்கை பெற்று மீண்டார். 1780 செப்டம்பர் 10-இல் மீண்டும் அப்புள்ளலூர்ப் பக்கத்திலேயே கர்னல் பெய்லியின் படை ஐதர், திப்பு இருவர் படைகளுக்கு நடுவே அகப்பட்டு அழிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 27-இல் அவ்விடத்தே மற்றுமொரு போர். மகேந்திரவர்மன் காலத்திற் குருதி படிந்த மண், ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்தும் குருதி படிதலினின்று நீங்கவில்லை.

ஆனால் 1799-இற் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின்னர், அரசுகள் இரண்டு எதிர்நின்று பொரும் களமாக இந்நாடு ஆனதில்லை. 1806-இல் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேற் குண்டு வீசியதும் போல்வன சிலவே இடையிட்டு நிகழ்ந்தன. காஞ்சியும் வாதாபியும் இன்று ஒரே குடியரசின்கண் உள்ளன. பல்லவரும் சோழரும் ஆண்ட நாட்டினர்க்கும் சளுக்கியர் ஆண்ட நாட்டினர்க்கும் வழக்கு இல்லாமலில்லை. காவிரி நீர் பற்றிய வழக்கு நெடியது. எனினும் அது 1990-இல் அமைந்த நடுவர் மன்றத்திலும், பின்னர் 2018-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றத்திலும் ஏடுகளால் நடந்ததேயன்றி வாளால் நடந்ததன்று. புலிகேசி இதனைக் காணின் நகைப்பன்; அவன் படையில் மாண்ட எளிய வீரனின் தாய் காணின் கைகூப்பித் தொழுவள்.

உலகளவிலும் இங்ஙனமே என்பாருளர். செருமானிய மெய்யுணர்வாளர் காண்டு என்பார், குடியரசுகள் பெருகித் தம்முட் கூட்டுறவு கொள்ளுமாயின் நிலைத்த அமைதி கைகூடும் என 1795-இலேயே எழுதினார். ஸ்டீவன் பிங்கர் என்னும் உளநூற் பேராசிரியர் 2011-இல் வெளியிட்ட பெருநூலில், மக்கட்டொகையில் இலட்சம் பேருக்கு இத்தனை பேர் என வகுத்து நோக்குங்கால், கொலையால் மாய்வோர் தொகை நூற்றாண்டுதோறும் குறைந்து வந்துள்ளது என எண்களால் நிறுவ முயன்றார். இரண்டாம் உலகப்போரில் 6 கோடிக்கு மேற்பட்டோர் மாய்ந்தனர். அதன்பின் அத்தகைய உலகப்போர் மற்றொன்று நிகழவில்லை. இவற்றையெல்லாம் எடுத்தோதி, "அன்பர்காள், போர் தேய்பிறை போலத் தேய்ந்து வருகின்றது, நம் பேரர் காலத்து அது பழங்கதையாகும்" என முடித்தேன். கூட்டத்தினர் மகிழ்ந்தனர். யானும் மகிழ்ந்தேன்.

கூட்டத்தின் பின்வரிசையில் முதிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தனர். அவர் ஈழநாட்டு வன்னிப் பகுதியினர்; சில ஆண்டுகளாக எம்மூரில் உறவினரோடு வாழ்பவர்; நாள் தவறாது வருபவர்; வாய்திறந்து எதுவும் பேசியறியாதவர். தாம்பரத்து வான்படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று மேலே பறக்குந்தோறும் அவர் ஓதுதலை நிறுத்தி, ஒலி அடங்கும் வரை கூரையையே நோக்கியிருப்பதைப் பலகாற் கண்டிருக்கின்றேன், காரணம் கேட்டதில்லை. அன்று எல்லாரும் திருநீறு பெற்றுக்கொண்டு சென்றபின் அவர் என்னருகே வந்து, தம் நாட்டுப் பேச்சிலேயே வினவினர்:

"ஐயா, நீங்கள் சொன்ன கணக்குப் பிழையெண்டு நான் சொல்லேல்லை. என்ர பிள்ளையை 2009 சித்திரையில முள்ளிவாய்க்காலுக்குக் கிட்டக் கடைசியாக் கண்டனான், பிறகு காணேல்லை. உங்கட கணக்கில அவன் செத்த ஆக்களுக்குள்ளயோ, உயிரோட இருக்கிற ஆக்களுக்குள்ளயோ?"

யான் விடையளிக்க வாயெடுத்தேன், சொல் எழவில்லை. "அம்மா, பொறுத்தருளுங்கள்" என்று மட்டும் கூறினேன். அவர் சினந்து கேட்டாரல்லர். மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதுவே என்னை மிகவும் வருத்தியது.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. யான் கூறிய கணக்கை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். இலங்கைப் போர் 1983-இல் மூண்டு 2009 மே 18-ஆம் நாளுடன் முடிந்தது. அதன் இறுதித் திங்கள்களில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுவதாக, ஐக்கிய நாடுகள் அவைப் பொதுச்செயலர் அமர்த்திய அறிஞர் குழு 2011-இற் கூறியது. இலங்கை அரசு அவ்வறிக்கையை ஏற்க மறுத்தது. போர் குறைந்துவருகின்றது என்னும் பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டேயாம். மாண்டோர் தொகையே வழக்கிற்கு உரியதாக இருக்கையில், மாண்டாரா இருக்கின்றாரா என்றே துணியப்படாதவரை எந்த நிரலில் எழுதுவது? இலட்சத்துக்கு இத்தனை என வகுக்கும்போது, மக்கட்டொகை பெருகப் பெருக ஒவ்வோர் இறப்பும் சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் ஒரு தாயின் இழப்பு, உலகில் மக்கள் பெருகியதனாற் சிறுத்துவிடுமோ?

மற்றும் ஐயங்கள் எழுந்தன. தொண்டைநாட்டிற் போர் ஒழிந்தது என்றேன். அஃது ஒழிந்ததா, வேற்றிடத்துக்கு ஏகியதா? முதல் உலகப்போரில் இந்தியப் படையினர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர்; ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். இரண்டாம் உலகப்போரில் மாண்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 87,000 பேர். சென்னைக்கு அருகே நந்தம்பாக்கத்திற் போர்க்கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து மாண்டோர்க்கு 850-க்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக அமைந்துள்ளன. முதற்போரில் மாண்டு, கல்லறை பேணப்பட இயலாதோர் ஆயிரவர்க்கு மேற்பட்டோரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. இந்நாட்டு மண்ணிற் போரில்லாத காலத்தேதான் இத்தனை பேர் மாண்டனர். இக்காலத்து நிலையும் ஆறுதல் தருவதன்று. 2022 பிப்ரவரியில் உருசியா உக்ரைன்மேற் பெரும்படை செலுத்தியது; 2023 அக்டோபரிற் பாலத்தீன நிலத்திற் கொடும்போர் மூண்டது. அரசுகள் ஈடுபட்ட போர்கள் 2024-இல் 61 என்றும், 1946 முதல் எண்ணிவந்த ஆண்டுகள் எல்லாவற்றினும் அத்தொகையே மிகுதி என்றும் சுவீடன் நாட்டு உப்சலாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். தேய்பிறை என்று யான் கூறியது, கண்ணுக்கு எட்டிய சில நாளைக் கொண்டு கூறியதேயாம்.

அவ்வாரத்தில் ஒருநாள் மணிமங்கலம் சென்று வரப் புறப்பட்டேன். புலிகேசி தோற்ற களமாகச் செப்பேட்டிற் பேசப்பெறும் அவ்வூர் ஊரப்பாக்கத்திற்கு வடமேற்கே சில கல் தொலைவிலேதான் உள்ளது. நாற்பதாண்டு வரலாறு கற்பித்தும் ஒருகாலும் சென்று கண்டதில்லை. பெரிய ஏரியும் வயல்களுமாய் அமைதி தவழும் ஊர் அது. போர்க்களத்திற்குரிய அடையாளம் யாதும் அங்கில்லை. தருமேசுவரர் திருக்கோயிலில் வழிபட்டு, இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களையும் கண்டேன். அச்சுவர்களிற் சோழ மன்னர் கல்வெட்டுக்கள் நிரம்ப உள்ளன. அவை தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறி அறிஞர் நன்கறிந்தவை. கொப்பத்துப் போரைப் புகழும் இரண்டாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியும், கூடல் சங்கமத்துப் போரைப் புகழும் வீரராசேந்திரன் மெய்க்கீர்த்தியும் அவற்றுள் உள்ளன. யான் வகுப்பிற் பன்முறை பெருமிதத்தோடு பாடம் சொன்ன செய்திகளே அவை. ஆயினும் அன்று அவற்றை நோக்குங்கால் வேறொன்று உறுத்தியது. பகைப்படைத் தலைவர்களின் தலைகள் கொய்யப்பட்டமை அங்கே பெயர் பெயராக எண்ணப்பட்டுள்ளது. கவர்ந்த யானைகளும் குதிரைகளும் மகளிரும் அவ்வெண்ணிக்கையிற் சேர்ந்துள்ளனர். அதன்பின் அவ்வெழுத்தே தொடர்ந்து, கோயிலுக்கு விட்ட நிலக்கொடையைக் கூறுகின்றது. தலையெண்ணிய கை அறம் செய்யவும் தயங்கிற்றில்லை. அறம் செய்த கைக்குத் தலையெண்ணுதல் பிழையெனவும் தோன்றிற்றில்லை. அக்காலத்து வேந்தர் எல்லார்க்கும் அதுவே பெருமை. சளுக்கியர் கல்வெட்டும் இதற்கு விலக்கன்று.

சுவருக்கு முன் நின்றபோது மனம் வடகிழக்கே சென்றது. அத்திசையிற் சில கல் தொலைவிலுள்ளது குன்றத்தூர். நம் தெய்வச் சேக்கிழார் தோன்றிய ஊர். அவர் அநபாயன் எனப்பெறும் இரண்டாம் குலோத்துங்க சோழனுடைய அமைச்சர். அவ்வேந்தன் அரசிருந்தது 1133 முதல் 1150 அளவும். வீரராசேந்திரன் ஆட்சி 1070-இல் முடிந்தது. ஆகவே, மணிமங்கலத்துச் சுவரில் தலைகள் எண்ணப்பட்டதற்கும் சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் பாடியதற்கும் இடையே ஒரு முதியவரின் வாழ்நாள் அளவே கழிந்தது. அச்சோழர் அவையிலேயே இருந்தவர், அச்சோழர் குலத்து முன்னோன் ஒருவனைப் பற்றியே, அத்தலைக் குவியலைப் பற்றியே பாடினார். ஆனால் அவர் பாடியது வேறு.

அன்பர்கள் நன்கறிந்த வரலாறே அது, வேண்டுமளவே கூறுகின்றேன். புகழ்ச்சோழ நாயனார் உறையூரிலிருந்து அரசாண்டவர். கருவூரில் தங்கித் திறை கொள்ளுங்காலத்து, அதிகன் என்பான் திறை கொணராமை கேட்டு அவன் அரணை அழிக்குமாறு அமைச்சரை ஏவினார். படை சென்றது, அரண் அழிந்தது, வென்றோர் பொருட்குவையும் யானை குதிரைகளும் கொணர்ந்தனர், வெட்டுண்ட தலைகளின் குவியலையும் கொணர்ந்து காட்டினர். மணிமங்கலத்துச் சுவர் புகழ்ந்து நிற்பது இவ்விடத்தேயாம். நாயனாரோ அக்குவியலைப் பார்த்தார். அதனுள் ஒரு தலையிற் சடை இருத்தலைக் கண்டார். நடுங்கினார், கண்ணீர் சொரிந்தார். "போரென்றால் இவ்வாறு நிகழ்வது உண்டு" எனத் தம்மைத் தேற்றிக்கொண்டாரில்லை; ஏவலாளரைப் பழித்தாருமில்லை; தம் ஆணையே இதற்குக் காரணம் எனக் கொண்டார். மகனுக்கு முடிசூட்டுமாறு பணித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் முடிமேற் கொண்டு எரியினுட் புகுந்தார்.

எரி புகுதல் அவர் நிலைக்கே உரியது, நமக்கு விதிக்கப்பட்டதன்று. நாம் கொள்ளற்பாலது அவர் கண். ஆயிரம் தலைகளின் குவியலில் ஒரு தலையை ஒருவருடைய தலையாகக் கண்ட கண் அது.

இங்கே ஒரு தடை நிகழும். "நாயனார் வருந்தியது அடியார் தலை என்பது பற்றியேயன்றோ? ஏனைத் தலைகள் அவர் நெஞ்சைத் தொட்டிலவே. அவ்வாறிருக்கப் போரின் கேடு பற்றி இதனாற் பெறப்படுவது யாது?" என அன்பர் வினவலாம். வினா நேரியதே. அடியேன் கொண்ட பொருள் இது. நம் சித்தாந்தத்தில் உயிர்கள் ஒன்றல்ல, பல, எண்ணிறந்தன. ஒவ்வொன்றும் தன் வினையும் தன் பக்குவமும் உடையது. ஒவ்வொன்றுக்காகவும் இறைவன் ஐந்தொழில் இயற்றுகின்றான். ஓருயிர் மற்றோருயிர்க்கு ஈடாகாது. நூறுயிர் உய்ந்தமையால் ஓருயிரின் பெத்தம் நீங்கிவிடாது. உயிர்கள் யாவும் அவன் உடைமையே. சடையும் நீறும் அவ்வுடைமையைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் அடையாளங்கள். எவ்வுயிரிடத்து அவ்வடையாளம் புலப்படவில்லையோ, அதுவும் அவன் உடைமையாதலில் தவறில்லை. புகழ்ச்சோழர்க்கு அவ்வுண்மை ஒரு தலையின்வழி வெளிப்பட்டது. ஒன்றன்கண் வெளிப்பட்டபின் அவர் அரியணையில் மீளவும் அமர்ந்தாரில்லை என்பது கருதத்தக்கது. குவியலில் ஏனையவை குற்றமற்ற வெற்றியாக அவர்க்குத் தோன்றியிருப்பின், கழுவாய் செய்துவிட்டு அரசு நடத்தியிருப்பார் அன்றோ?

இவ்வாறு நோக்குங்கால், போர் குறைதற்குக் காரணம் யாதென்பது விளங்குகின்றது. போருக்கு வேர் ஆணவம். யான், எனது என்னும் செருக்கு ஒருவனிடத்து நின்றாற் பகையாகும். வேந்தனிடத்தும் நாட்டினிடத்தும் நின்றாற் படையாகும். உலகத்து இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது நிற்கும். ஆதலினன்றோ தலையெண்ணிக் கல்லில் வெட்டிய காலத்து அதனை இருளென்று எவரும் அறிந்திலர், ஒளியென்றே கருதினர். அவ்விருளிடையே அங்குமிங்கும் கண்விழித்தோரும் இருந்தனர். வாதாபியை வென்று மீண்ட படைத்தலைவர் பரஞ்சோதியார் சிவனடியார் என்பது தெரிந்தபோது, இத்தகையாரைக் கொடிய போர்முனைக்கு விடுத்தேனே என அரசன் அஞ்சிப் பிழைபொறுக்க வேண்டி, அவரைத் திருத்தொண்டு செய்ய விடுத்தான் எனப் புராணம் கூறும். காஞ்சியைக் கைப்பற்றிய விக்கிரமாதித்தன், கயிலாசநாதர் கோயிற் செல்வத்தைக் கண்டும் கவராது இறைவனுக்கே மீள அளித்தமை அக்கோயிலிலேயே கன்னடக் கல்வெட்டாக நிற்கின்றது. பகைவன் நாட்டிலும் தன் இறைவனைக் கண்டமையால் அவன் கை நின்றது.

நடுவர் மன்றமும் நாடுகளின் உடன்படிக்கையும் பயனற்றவை என்பது இதனாற் கருத்தன்று. போரைக் கொள்கையளவில் விலக்குவதாகப் பல நாடுகள் 1928-இற் பாரிசில் உறுதி பூண்டன. பதினோராண்டில் உலகப்போர் மூண்டது. அதன் பின்னர் 1945-இல் ஐக்கிய நாடுகள் அவை அமைந்தது. அதுவும் எல்லாப் போரையும் தடுக்கவில்லை, சிலவற்றைத் தடுத்தது. இவையெல்லாம் செம்புக்குடத்தைத் துலக்கும் புளியும் சாம்பலும் போல்வன. நாள்தோறும் துலக்கினாற் குடம் ஒளிரும். நான்கு நாள் விட்டால் களிம்பு மீளும். களிம்பு செம்பினுள்ளேயே உடன்பிறந்தது. புளி தீட்டியதனால் அஃது அழிந்துவிட்டது என எண்ணுபவர் ஏமாறுவர். அதனைத் தலைதூக்காதபடி அடக்கவல்லது இரசகுளிகையாகிய திருவருளேயாம். அந்நிலையிலும் மலத்தின் ஆற்றல் ஒடுங்குமேயன்றி மலம் அழிவதில்லை என்பதன்றோ நம் ஆசிரியர் துணிபு. ஆதலின், போர் தானே தேய்ந்து மறையும் என்று அன்று யான் கூறியது சித்தாந்தத்துக்கு ஒவ்வாத கூற்று. குடம் தானே துலங்கும் என்பது போன்றது அது. மக்கள் துலக்கியதனால் துலங்கிற்று. துலக்குதலை நிறுத்திய நாடுகளிற் களிம்பு மீண்டது. வருங்காலத்து அமைதி என்பது நாம் காத்திருந்து பெறும் பொருளன்று. நாள்தோறும் செய்யும் தொண்டு.

எனினும் தொண்டைநாட்டுப் போர் ஒழிந்ததும், காவிரி வழக்கு மன்றத்துக்கு வந்ததும் பொய்யல்ல. அவற்றைச் சிறுமையாகக் கருதுதலும் நன்றியின்மையாகும். ஒரு காலத்திற் கல்லில் வெட்டிப் பெருமிதம் கொண்டதை இன்று அரசுகள் மறைக்கவும் மறுக்கவும் முயல்கின்றன. மாண்டோர் தொகை இவ்வளவன்று என ஓர் அரசு வாதாடுங்கால், அது பெருமைப்படத் தக்கதன்று என்பதனை அவ்வரசும் ஒருவாறு உணர்ந்துள்ளது என்றே கொள்ளவேண்டும். வீரராசேந்திரன் தொகையைக் குறைத்துக் கூறியிரான். மறைத்தல் அறமன்று, ஆயினும் நாணுதல் அறத்தின் வாயில். வாயிலில் நின்றுவிடாது உள்ளே புகுவித்தல் நம்மனோர் கடன். அஃதாவது, மாண்டவரைத் தொகையாக எண்ணாது ஒருவர் ஒருவராகக் காணும் கண்ணை நம் பிள்ளைகட்கு அளித்தல். வகுப்பில் யான் மெய்க்கீர்த்தி கற்பித்தேன். புகழ்ச்சோழரை அதனருகே வைத்துக் கற்பித்திலேன். இப்பிழை என்னுடையது.

அடுத்த திங்களில் ஒருநாள் நந்திவரத்து நந்தீசுவரர் திருக்கோயிலில் அவ்வம்மையாரைக் கண்டேன். கையில் தேங்காயும் பழமும் வைத்த தட்டோடு நின்றார். "இன்றைக்கு அனுடம் ஐயா, பிள்ளையின்ர நட்சத்திரம்" என்றார். திங்கள்தோறும் அந்நாளில் அர்ச்சனை செய்விப்பது அவர் வழக்கமாம். இருப்பவனுக்குச் செய்விப்பதா, இல்லாதவனுக்கா என்று யான் வினவவில்லை. வினவுதல் தகாது எனத் தோன்றியது. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவர் மகனுடைய பெயரைக் கூறினார். குருக்கள் அப்பெயரைத் திரும்பச் சொல்லி, அனுட நட்சத்திரம் என இறைவன் திருமுன்னர் அறிவித்து அர்ச்சனை தொடங்கினார்.

அவர் அன்று கேட்ட வினாவுக்கு என் கணக்கில் விடையில்லை என்பதை அப்போது அவர்பாற் கூறினேன். "அம்மா, என் கணக்கில் உம் பிள்ளைக்கு இடமில்லை, அது என் கணக்கின் குறை" என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை ஐயா. இஞ்ச பேர் சொல்லினம்தானே" என்றார்.

தீபாராதனை நிகழ்ந்தது. மேலே விமானம் ஒன்று சென்றது. அவர் அண்ணாந்து நோக்கினார். பின்னர் மீண்டும் இறைவனை நோக்கிக் கைகூப்பினார். அடியேனும் அவர்தம் பிள்ளையின் பெயரை மனத்துட் சொல்லித் தொழுதேன்.

எல்லா உயிரும் தத்தம் பெயரால் அறியப்பெறுவதாக. அமைதி நிலவுக.

திருச்சிற்றம்பலம்